காப்புரிமை முடிந்த விதைக்குப் பொறுப்பாளி யார்?

கடந்த பெரும்போக அறுவடைக் காலத்தில் ஓர் இரவு, அம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த அறுவடை இயந்திரம் ஒன்று எங்கள் வயல்வட்டையின் வரம்போரத்தில் வந்து நின்றது. நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், நவகிரிக் குளத்து நீர் பாயும் வயற்கண்டமொன்றில், நான்கு ஏக்கரில் விதைநெல் செய்பவன். வெட்டுமெசின் என் வயலுக்குள் இறங்குமுன் அதன் வயிற்றைத் திறந்து துடைக்க வேண்டும் என்பது என் நிபந்தனை; அதற்காக ஓட்டுநருக்கு ஒரு மணி நேரக் கூலியைத் தனியாகக் கொடுத்துவிடுவேன். "ஐயா, காத்தடிச்சுத்தான் கொண்டு வந்தனான், உள்ளுக்க ஒண்டுமில்ல" என்றார் அவர். அடித்தகடுகளைக் கழற்றி, நெல்லை மேலே ஏற்றும் குழாயின் அடிமூடியைத் திறந்து, குச்சியால் தட்டித் தட்டி எடுத்தபோது அரைச் சாக்கு நெல் சேர்ந்தது. ரோச் லைற் பிடித்துக்கொண்டிருந்த என் அக்காவின் மகள் அதில் ஒரு பிடியை அள்ளி உள்ளங்கையில் பரப்பினாள். சம்பா மணியும் நாட்டரிசி மணியும் கலந்து கிடந்தன. இடையிடையே, மீசை நீண்டு உமி கறுத்த களைநெல்.

அவள் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கிறாள். மரபணு மாற்றப்பட்ட பயிர்களின் காப்புரிமை முடிந்த பின்னர் அவ்விதைகளை எவ்வாறு கையாள்வது என்பது பற்றி வகுப்பில் பேச வேண்டியிருந்தது. அந்த நெல்லைச் சாக்கில் கொட்டிக்கொண்டே, "மாமா, காப்புரிமை முடிஞ்ச விதையெண்டா எவரும் எடுத்து விதைக்கலாந்தானே? பிறகென்ன பொறுப்பு?" என்று கேட்டாள். இயந்திரத்தின் இரைச்சலில் ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. அவளுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவள் கேட்டதில் பாதி உண்மை. காப்புரிமை என்பது பெரும்பாலான நாடுகளில் 20 ஆண்டுகளுக்கு வழங்கப்படும், தன் கண்டுபிடிப்பைப் பிறர் அனுமதியின்றிப் பயன்படுத்துவதைத் தடுக்கும் உரிமை. அக்காலம் முடிந்ததும் கண்டுபிடிப்பு பொதுச் சொத்தாகிவிடும். கிளைபோசேற்று களைநாசினியைத் தாங்கும் மொன்சான்டோ நிறுவனத்தின் முதற்தலைமுறைச் சோயா 1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் வர்த்தகப் பயிராக விதைக்கப்பட்டது. அக்குணத்துக்குரிய கடைசிக் காப்புரிமை அங்கே 2015இல் முடிவுற்றது. அதையொட்டி ஆர்கன்சா பல்கலைக்கழகம் அதே குணமுள்ள ஒரு சோயா வருக்கத்தை, விவசாயிகள் தாமே விதை எடுத்து மறுபடி விதைக்கலாம் என்ற அனுமதியுடன் வெளியிட்டது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர் நிலைமை எவ்வாறிருந்தது என்பதற்கு இந்தியானா மாநிலத்து முதிய விவசாயி வேர்னன் ஹியூ போமனின் வழக்கே சாட்சி. தானியக் களஞ்சியத்தில் தீவனத்துக்கென விற்கப்பட்ட சோயாவை வாங்கி விதைத்து, களைநாசினி தெளித்துத் தப்பியவற்றிலிருந்து அவர் விதை பிடித்தார். வாங்கிய விதையை உண்ணலாம், விற்கலாம், ஆனால் அதைப் பெருக்கிப் புதுப் பிரதி செய்யும் உரிமை வாங்கியவருக்கு இல்லை என்று 2013 மே மாதத்தில் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவர் மீது விதிக்கப்பட்ட இழப்பீடு 84 ஆயிரம் டொலருக்கும் மேல்.

விதைநெல்லைக் கோட்டையாகக் கட்டி அடுப்படிப் பரணில் ஏற்றிவைத்த வழியில் வந்த எங்களுக்கு இந்தத் தீர்ப்பு உவப்பானதல்ல. எனினும் அந்தக் கெடுபிடிக்குள் ஒரு விடயம் மறைந்திருந்ததைக் கவனிக்க வேண்டும். காசு வசூலிப்பதற்காகவேனும், எந்த விதை எந்த வயலில் நிற்கிறது என்பதை அறிந்த ஒரு தரப்பு இருந்தது. விவசாயியிடம் கையொப்பம் வாங்கிய அதே ஒப்பந்தத்தில், பூச்சி எதிர்ப்புப் பயிராயின் ஓரத்தில் சாதாரணப் பயிர் விட வேண்டும், இன்ன சந்தைக்கு விற்கக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகளும் இருந்தன. காப்புரிமை முடிந்ததும் காசு வசூலிப்பவர் போய்விடுவார். அவருடன் பதிவேடும் போய்விடும். விதைக்குள் இருக்கும் மரபணு மட்டும் எங்கும் போகாது.

ஒரு மரபணு மாற்றுப் பயிரை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு உணவாகவோ தீவனமாகவோ அனுப்புவதற்கு அங்கே அனுமதி வேண்டும். அந்த அனுமதி 10 ஆண்டுகளுக்கே செல்லும், பின்னர் தரவுகளுடன் புதுப்பிக்க வேண்டும். அக்குணத்தைக் கண்டுபிடிக்கும் ஆய்வுமுறையையும் மாதிரி விதையையும் வழங்க வேண்டும். இலாபம் வந்துகொண்டிருக்கும் வரை நிறுவனம் இதைச் செய்யும். எவரும் இலவசமாக விதைக்கக்கூடிய ஒரு குணத்துக்கு இச்செலவை ஏற்பவர் யார்? இக்கேள்வியை முதலில் உணர்ந்தவர்கள் அமெரிக்க விதை வியாபாரிகளே. உயிர்த்தொழில்நுட்ப நிறுவனங்களின் அமைப்பும் அமெரிக்க விதை வர்த்தகச் சங்கமும் சேர்ந்து, காப்புரிமை முடியும் குணங்களுக்கென ஓர் உடன்படிக்கையை உருவாக்கின. கடைசிக் காப்புரிமை முடிவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே உரிமையாளர் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அதன் பின்னர் அனுமதிகளைத் தாமே பேணப் போகிறாரா, பிறருடன் பகிரப் போகிறாரா, கைவிடப் போகிறாரா என்பதைத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது கையொப்பமிட்டவர்களுக்கிடையேயான ஒப்பந்தமேயன்றி நாட்டுச் சட்டமன்று. கையொப்பமிடாதவரை அது கட்டாது.

கைவிடப்பட்ட விதை என்ன செய்யும் என்பதற்குக் கனடாவின் ஆளிவிதையை எடுத்துக்கொள்ளலாம். சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தில், மண்ணில் தங்கிவிடும் ஒருவகைக் களைநாசினி எச்சத்தைத் தாங்குமாறு ட்ரிஃபிட் என்ற மரபணு மாற்று ஆளி உருவாக்கப்பட்டு 1990களில் அனுமதியும் பெற்றது. ஐரோப்பியச் சந்தை அதை ஏற்காது என்று விவசாயிகளே அஞ்சியதால் 2001இல் அதன் பதிவு நீக்கப்பட்டது. இருந்த விதையும் திரும்பப் பெறப்பட்டு எண்ணெய்க்காக நசுக்கப்பட்டது. கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். 2009இல் ஐரோப்பாவுக்குப் போன கனேடிய ஆளி மூட்டைகளில் அதே ட்ரிஃபிட் கண்டுபிடிக்கப்பட்டது. யாரும் விற்காத, யாரும் விரும்பி விதைக்காத ஒரு விதை எட்டு ஆண்டுகள் எங்கோ பதுங்கியிருந்து வெளிவந்தது. அதன் பின்னர் விவசாயிகள் விதைக்குமுன் தம் விதையைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. பழைய வருக்கங்களின் மூலவிதையையே சோதித்துச் சுத்தமாக மீண்டும் பெருக்க வேண்டியிருந்தது. விதைநெல் செய்பவனாகிய எனக்கு இதில் அச்சமூட்டும் பகுதி இந்தக் கடைசி வரிதான், ஏனெனில் மூலவிதையில் விழுந்த கறை கீழே ஒவ்வொரு சாக்கிலும் விழும்.

நெல்லிலும் இது நடந்திருக்கிறது. களைநாசினியைத் தாங்கும் எல்.எல்.601 என்ற நெல் அமெரிக்காவில் 2001 வரை பரிசோதனை வயல்களில் மாத்திரம் பயிரிடப்பட்டு, சந்தைக்கு வராமலே கைவிடப்பட்டது. 2006 ஆகஸ்டில் அது விற்பனைக்குரிய நீளரிசியில் சுவடளவில் கலந்திருப்பது வெளியானது. ஐரோப்பாவும் ஜப்பானும் அமெரிக்க நீளரிசிக்குக் கதவடைத்தன, விலை சரிந்தது, பாதிக்கப்பட்ட விவசாயிகளுடனான பிணக்கை 75 கோடி டொலர் வரை கொடுத்துத் தீர்க்க அந்நெல்லுக்குரிய பேயர் நிறுவனம் 2011இல் இணங்கியது. அந்த அரிசியை உண்டு எவரும் நோயுற்றதாகப் பேச்சில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்க அதிகாரிகள் 2006ஆம் ஆண்டின் இறுதியிலேயே அதற்கு அனுமதியும் கொடுத்துவிட்டார்கள். நட்டம் நஞ்சால் வந்ததன்று, கணக்கில்லாமையால் வந்தது. அன்று இழப்பீடு கேட்க ஒரு நிறுவனமாவது இருந்தது. காப்புரிமை முடிந்து, ஊர் ஊராகக் கைமாறிய விதையில் இது நடந்தால் எவரிடம் போய்க் கேட்பது?

சுவடளவு என்பதன் பொருளை எங்கள் கணக்கில் சொல்கிறேன். ஏக்கருக்கு இரண்டு புசல், அதாவது ஏறத்தாழ 40 கிலோ விதைநெல் வீசுகிறோம். ஆயிரம் மணி ஏறத்தாழ 25 கிராம் என்று வைத்தால் அது 16 இலட்சம் மணி. ஆயிரத்தில் ஒன்று வேறினம் என்றால், ஓர் ஏக்கரில் 1,600 வேற்றுப் பயிர்கள். அன்றிரவு இயந்திரத்தின் வயிற்றிலிருந்து வந்த அரைச் சாக்கு, என் நான்கு ஏக்கர் அறுவடையோடு கலந்திருந்தால் அதைவிடக் கூடிய விகிதமே வந்திருக்கும். நெல் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையுடையது; அயல் வயலின் மகரந்தத்தால் நூற்றில் ஒரு மணிகூடக் கலப்பது அரிது. எனவே நெல்லைப் பொறுத்தவரை குணம் பரவும் பெருவழி காற்றன்று. சாக்கும் களமும் இயந்திரமும்தான். பல்கலைக்கழகப் பாடத்தில் மகரந்தத்துக்கு எட்டுப் பக்கமும் சாக்குக்கு இரண்டு வரியும் இருப்பதாக மருமகள் சொன்னாள்.

இந்தப் பாடத்தை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சிறுபோகத்தில், குளத்து நீர் குறைவாக இருந்ததால் மூன்று மாத நெல்லாகிய பி.ஜி.300 விதைக்கத் தீர்மானித்து, கைவசமிருந்தது போதாமையால் ஒரு தனியார் விற்பனையாளரிடம் எட்டுப் புசல் வாங்கினேன். சாக்கின் வாயில் சீட்டுத் தைத்திருந்தது. அறுபதாம் நாள் வரை வயல் பச்சைக் கம்பளம் விரித்தது போலக் கிடந்தது. பின்னர் ஒரு பகுதி முந்திக் கதிர் தள்ளியது; உயர்ந்து சாய்ந்த சில பயிர்களின் மணியை நகத்தால் உரித்தபோது உள்ளே சிவப்பு. ஆறு பெண்களை வைத்து மூன்று நாள் கலவன், அதாவது வேற்றுப் பயிர், பிடுங்கினோம். பிடுங்கும்போதே முற்றிய மணிகள் உதிர்ந்துகொண்டிருந்தன. விதை அத்தாட்சிப்படுத்த வந்த உத்தியோகத்தர் வரம்பில் நின்று பார்த்துவிட்டு, இதைச் சாப்பாட்டு நெல்லாகக் கொடுத்துவிடுங்கள் என்றார். அவர் சொன்னது சரி. விற்பனையாளரிடம் சீட்டைக் கொண்டு போனேன். தமக்கு அதை யாரோ கொடுத்ததாகவும் அவருக்கும் யாரோ கொடுத்ததாகவும் சொன்னார். சீட்டில் வருக்கத்தின் பெயர் இருந்தது, அது முளைத்து வந்த வழி இல்லை. அந்தக் கண்டத்தில் இன்றுவரை களைநெல் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி தாவரத்துக்கு இலங்கையில் காப்புரிமை வழங்கப்படுவதில்லை. ஆகவே, அமெரிக்காவில் ஒரு குணத்தின் காப்புரிமை முடிகிறதா இல்லையா என்பது எங்கள் வயலின் கதவைத் திறப்பதுமில்லை, மூடுவதுமில்லை. கதவில் இருக்கும் பூட்டு வேறு. 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் விதைச் சட்டமும் ஒரு பக்கம். உயிரியற் பாதுகாப்புப் பற்றிய கார்த்தஹேனா நெறிமுறையை நாம் 2004இல் ஏற்றுக்கொண்டமை இன்னொரு பக்கம். மரபணு மாற்று உணவை அனுமதியின்றி இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடுக்கும் ஒழுங்குவிதிகள் 2007 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தன. வர்த்தகப் பயிராக விதைக்க அனுமதிக்கப்பட்ட மரபணு மாற்றுப் பயிர் எதுவும் இங்கே இல்லை.

இதனால் நாம் நிம்மதியாக இருக்கலாமா என்றால், இந்தியப் பருத்தியைப் பார்க்க வேண்டும். பி.ரி. என்பது பசிலஸ் துரிஞ்சியன்சிஸ் என்ற மண் பக்டீரியாவின் சுருக்கம். அதன் மரபணு ஏறிய பயிரைக் கடிக்கும் புழு இறக்கும். பி.ரி. பருத்திக்கு அங்கே 2002இல் அனுமதி கிடைத்தது, ஆனால் அதற்கு முந்திய ஆண்டே குஜராத்தில் அனுமதியற்ற பி.ரி. பருத்தி வயல்களில் நின்றது. களைநாசினியையும் தாங்கும் அடுத்த வகைக்கு இன்றுவரை அனுமதியில்லை. 2019இல் மகாராஷ்டிர விவசாயிகள் அதைப் பலரறிய விதைத்துக் காட்டினார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: முதற்தலைமுறைப் பி.ரி. பருத்திக்கு இந்தியாவில் காப்புரிமையே இருக்கவில்லை. இருந்தும் விவசாயி ஆண்டுதோறும் விதை வாங்கினார், ஏனெனில் அது கலப்பினமாக விற்கப்பட்டது. கலப்பினத்தின் விதையை எடுத்து விதைத்தால் அடுத்த தலைமுறை சிதறிவிடும். சோளன் செய்யும் எங்கள் சேனைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காப்புரிமை முடிந்தால் விதை இலவசம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டாவது பூட்டை மறந்துவிடுகிறார்கள். பின்னாளில் பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகம் அதே பழைய குணத்தை, விவசாயி விதை எடுத்து வைக்கக்கூடிய நேர் வருக்கமாகத் தயாரித்தது. நல்ல காரியம்தான், ஆனால் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, 2010இல், இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்தக் குணத்துக்குப் பழகிவிட்டதாகக் குஜராத்திலிருந்து செய்தி வந்துவிட்டது. உரிமை நம் கைக்கு வரும்போது குணம் தேய்ந்திருக்கலாம். பொதுச் சொத்தாக வரவேண்டியதை வருமுன்னரே செலவழித்துவிடுவது என்றால் இதுதான்.

புழு பழகுவதைத் தாமதப்படுத்தும் வழி ஒன்று உண்டு. பி.ரி. பயிரைச் சுற்றிச் சில வரிசை சாதாரணப் பயிரை வேண்டுமென்றே விட வேண்டும். அதில் புழு விழும், விழட்டும். அங்கே வளரும், நஞ்சுக்குப் பழகாத அந்துப்பூச்சிகள், உள்ளே தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு பூச்சிகளுடன் சேரும்போது, பிறக்கும் சந்ததியில் பெரும்பாலானவை மறுபடியும் நஞ்சுக்கு இறந்துவிடும். தென்னாபிரிக்காவில் பி.ரி. சோளத்துக்கு இந்த ஓர வரிசை ஒழுங்காக விடப்படவில்லை. பத்தாண்டுகள் ஆகுமுன்னரே தண்டு துளைப்பான் அதற்குப் பழகிவிட்டது. கூலியும் பசளையும் போட்டு நான்கு வரிசையைப் புழுவுக்கு விடுங்கள் என்று களுதாவளைத் தோட்டக்காரரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்; அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

களுதாவளையைச் சொன்னது காரணத்தோடுதான். எங்கள் மாவட்டத்துக்கு மரபணு மாற்றுப் பயிர் ஒன்று வருமாயின் அது கத்தரியாகவே இருக்கும் என்பது என் ஊகம். காய் துளைப்பானுக்கு அஞ்சிக் கிழமைக்கு இருமுறை மருந்தடிக்கும் தோட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். மருந்துத் தாங்கியைக் காலையில் இறக்கிவைத்துவிட்டு மாலையில் அதே காயைப் பறித்துச் சந்தைக்கு ஏற்றுவதையும் பார்த்திருக்கிறேன். பங்களாதேஷ் 2013 ஒக்டோபரில் நான்கு பி.ரி. கத்தரி வருக்கங்களுக்கு அனுமதி கொடுத்து, 2014 ஜனவரியில் 20 விவசாயிகளுக்கு நாற்று வழங்கியது. அரசின் விவசாய ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட, கலப்பினமல்லாத வருக்கங்கள் ஆதலால் விவசாயி விதை எடுத்து வைக்கலாம். அதே குணத்தை 2010இல் இந்தியா நிறுத்திவைத்தது. நஞ்சு தெளிப்பதைக் குறைக்கக்கூடிய ஒரு பயிரை எடுத்த எடுப்பில் மறுக்க எனக்கு மனமில்லை.

ஆனால் விதை எடுத்து வைக்கலாம் என்ற அந்த நன்மைக்குள்தான் சிக்கலும் இருக்கிறது. கத்தரிப் பூவுக்குத் தேனீக்கள் வரும். பக்கத்துத் தோட்டத்து நாட்டுக் கத்தரியுடன் கலக்கும். முள்ளுள்ள காட்டுக் கத்தரியாகிய சோலானம் இன்சானம் எங்கள் பக்கத்து இனம். பயிர்க் கத்தரியுடன் எளிதாகச் சேரும். மூன்று தலைமுறை வீட்டு விதை எடுத்தபின், பி.ரி. என்று பெயர் சொல்லிக் கைமாறும் விதையில் சிலவற்றுக்குக் குணம் இருக்கும், சிலவற்றுக்கு இராது. இருப்பதிலும் சுரக்கும் அளவு குறைந்திருக்கலாம். புழுவைப் பழக்குவதற்கு அதைவிடச் சிறந்த பயிற்சிக்கூடம் கிடையாது. ஆகவே அப்படி ஒரு விதை வருவதானால், மூலவிதையை ஓர் அரச பண்ணை, எங்கள் பக்கத்தில் கரடியனாறு போன்ற ஒன்று, ஆண்டுதோறும் சோதித்துப் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும். விவசாயி இரண்டு போகத்துக்குத் தன் விதையை வைத்துக்கொண்டு மூன்றாம் போகத்துக்கு அங்கே வர வேண்டும். ஓர வரிசைக்கான நாட்டுக் கத்தரி விதையைத் தனியாக விற்காமல் அதே பொதிக்குள் வைத்துக் கொடுத்துவிட வேண்டும். நாட்டுக் கத்தரியின் மாதிரிகள், அது கலங்குவதற்கு முன்னரே, கன்னொறுவையிலுள்ள தாவர மரபுவள நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

களைநாசினியைத் தாங்கும் நெல்லைப் பற்றி என் கருத்து வேறு: எங்கள் வயலுக்கு அது வேண்டாம். களைநெல்லும் நெல்லும் ஒரே இனம். நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகக் கலந்தாலும், களைநாசினி மற்றவற்றைக் கொன்று அந்த ஒன்றையே தேர்ந்தெடுத்து வளர்த்துவிடும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் 2002இல் வந்த களைநாசினி தாங்கும் நெல்லில் இது நடந்தது. சில ஆண்டுகளுக்குள் அங்குள்ள களைநெல்லும் அக்குணத்தைப் பெற்றுவிட்டது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த நெல் மரபணு மாற்றப்பட்டதே அன்று. வேற்று மரபணு எதையும் ஏற்றாமல், நெல்லின் சொந்த மரபணுவில் ஏற்பட்ட விகாரத்தை, அதாவது மாற்றத்தை, தேர்ந்தெடுத்து உருவானது. மரபணு மாற்றம் என்ற முத்திரையை மட்டும் தேடும் சட்டத்தின் கண்ணில் அது படவே படாது. பொறுப்பு என்பது குணத்தைப் பார்த்து வர வேண்டும், அது செய்யப்பட்ட முறையைப் பார்த்தன்று என்பதை நான் இந்த நெல்லிலிருந்துதான் கற்றேன்.

மருமகள் ஒரு நாள் பரிசோதனைத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தோமே, அதே அமைப்பு. இலைத்துண்டைச் சிறு குழாயிலிட்டு, கரைசல் ஊற்றி, குச்சியால் நசித்துத் தாளை நிறுத்தினாள். சில நிமிடங்களில் ஒரு கோடு ஏறியது, இரண்டாவது ஏறவில்லை. எங்கள் வேலியோரக் கத்தரிக்கு பி.ரி. புரதம் இல்லை என்பது அதன் பொருள். இருக்காது என்று தெரிந்தும் நான் குனிந்து பார்த்துக்கொண்டேயிருந்தேன். ஒரு தாள் ஒரு புரதத்தை மட்டுமே காட்டும். வேறு குணம் இருந்தால் வாய் திறக்காது. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் தேட முடியும். அதைச் சொல்ல ஒரு பதிவேடு வேண்டும்.

பதிவேடு என்றதும் எங்கள் வட்டையில் சிரிப்பார்கள். "தம்பி, விதைநெல்லுக்குச் சாதகம் எழுதுறார்" என்பது என்னைப் பற்றிய நெடுநாள் பகிடி. எந்தத் தாய்விதை, எவரிடமிருந்து, எந்தக் கண்டம், எந்த இயந்திரம், எந்தச் சாக்கு எவருக்குப் போனது என்று ஒவ்வொரு போகத்துக்கும் ஒரு பக்கம் எழுதுகிறேன். சாதகம் என்றாலும் பொருந்தும். போகத் தொடக்கத்தில் விவசாயிகள் கூடும் கடந்த ஆரம்பக் கூட்டத்தில், வட்டைக்குள் வரும் இயந்திரங்கள் வாய்க்கால் பாலத்தடியில் நின்று துடைத்த பிறகே இறங்க வேண்டும் என்று கேட்டேன். வட்டையின் நீர்ப்பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானையார் தலையசைத்தார், நேரம் போகும், கூலி ஏறும் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். விதைநெல் செய்கிறவர்கள் தம் செலவில் துடைக்கலாம், மற்றவர்களை வற்புறுத்தக் கூடாது என்ற அளவில் முடிந்தது.

மருமகள் என் பதிவேட்டில் குணம் என்று ஒரு நிரலைப் புதிதாகக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறாள். எல்லாம் சாதாரண நெல்தானே, வெறுமையாக விட்டால் என்ன என்று கேட்டேன். வெறுமையாக விட்டால் கேட்காமல் விட்டதாகத்தான் பொருள் என்றாள். ஆதலால் ஒவ்வொரு வரியிலும் "இல்லை" என்று எழுதிவருகிறேன். ஒரு வரியில் மட்டும் "தெரியாது" என்றிருக்கிறது. 2018இல் சேனா படைப்புழு வந்ததிலிருந்து சோளனில் அடிபட்டுப்போன என் மச்சான், புழு விழாத சோளன் என்று யாரோ ஒருவர் கொடுத்த விதையைக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். சீட்டில்லாத வெள்ளைப் பொதி, ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவருக்கும் யாரோ கொடுத்ததாம். விவசாயப் போதனாசிரியரிடம் காட்டும் வரை விதைப்பதில்லை என்று வீட்டு வளையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மச்சான் இரண்டு முறை கேட்டுவிட்டார். மழைக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது.